பத்திரக்காரரும் பஸ்கா வாசலும்

எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் பத்திரக்காரர் எழுதிய சொல் ஒன்றே ஒன்றுதான். "மூலம்?"

யாராவது ஒரு வசனத்தை ரோஜாப்பூ படத்தின் மேல் ஒட்டி அனுப்புவார்கள். யாராவது எபிரெய எழுத்துக்குள் சிலுவை ஒளிந்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டு அனுப்புவார்கள். எல்லாரும் கைகூப்பும் பொம்மைகளைப் பொழிந்துகொண்டிருக்கும்போது அடியில் அவருடைய சொல் வந்து விழும். அதோடு குழு அன்றைக்கு ஊமையாகிவிடும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும் விஷயம் புரியாமல், "கீழ்பென்னாத்தூர்ல நல்ல வைத்தியர் இருக்காரு பிரதர், ஒரே மாசத்துல கொணம்" என்று பதில் போட்டார். அதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரே மாசத்துல கொணமாவும்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

அவர் பத்திரம் எழுதுகிறவர். திருவண்ணாமலையில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகை, ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மனை வாங்க விற்க வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்பார்: "மூலப்பத்திரம் எங்க?" இப்போது விற்கிறவர் யாரிடமிருந்து வாங்கினார், அவர் யாரிடமிருந்து, அவருக்கு எப்படி வந்தது என்று பின்னாலேயே போய் முதல் பத்திரத்தைக் கையில் தொட்டுப் பார்த்தால்தான் பேனாவைத் திறப்பார். பாதிப் பேர் சலித்துப்போய் பக்கத்துக் கொட்டகைக்கு நகர்ந்துவிடுவார்கள். அவர் அதைக் கவனித்தது மாதிரியே தெரியாது.

வேதத்தையும் அவர் அப்படித்தான் படித்தார். மோசேயின் தோரா, அதாவது வேதத்தின் முதல் ஐந்து புத்தகம், மூலப்பத்திரம். தீர்க்கதரிசிகள், சுவிசேஷம், நிருபங்கள் எல்லாம் அதன்மேல் ஏறிய பின்பத்திரங்கள். "மூலத்துல இல்லாத எடத்த பின்பத்திரத்துல எழுதி விக்க முடியாது தம்பி. எழுதுனா வில்லங்கம்" என்பார்.

எங்கள் சபையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இயேசுவை, எங்கள் வாயில் யெஷுவாவை, மேசியா என்று நம்புகிறவர்கள். ஆனால் மோசேயின் பிரமாணம் ஒழிந்துபோகவில்லை என்றும் நம்புகிறவர்கள். சனிக்கிழமைதான் ஓய்வுநாள், பன்றி கிடையாது, இறால் கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது, இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான ராத்திரியை நினைக்கும் பஸ்கா உண்டு. ஞாயிற்றுக்கிழமை சபைக்காரர்கள் எங்களை யூதர்கள் என்பார்கள். யூதர்கள் யாரும் எங்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். மொத்தமாக ஒரு வேனில் ஏற்றிவிடலாம். என் மனைவிதான் முதலில் ஏறினாள். இறால் தொக்குக்காக நான் சில மாதம் போராடிப் பார்த்துவிட்டு ஏறினேன்.

சபையை நடத்துகிற மூப்பர் வீட்டில்தான் கூடுவோம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கும் வீடு. மூப்பர் இரும்புக் கடை வைத்து மூத்த மகனிடம் ஒப்படைத்தவர். கண்டிப்பானவர், கடனுக்குப் பேசாதவர்.

இங்கேதான் என் பிழைப்புக்குச் சிக்கல். பஸ்கா வேதக் கணக்கின் முதல் மாதத்துப் பௌர்ணமியில் வரும். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாட்ஜ் மேனேஜர். பங்குனியோ சித்திரையோ, பௌர்ணமி என்றால் ஊரே மலையைச் சுற்றும், படிக்கட்டுக்கு அடியில்கூட ஆள் படுத்திருக்கும். முதலாளிக்கு நான் உண்மையிலேயே தேவைப்படும் நாளில் எனக்குப் பண்டிகை. அதிலும் எங்கள் மூப்பர் ஒரு வழக்கத்தைக் கறாராகப் பிடித்திருந்தார். எகிப்தில் அந்த ராத்திரி யாரும் விடியும்வரை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று மோசே சொன்னாரே, அது எங்களுக்கும்தான். சூரியன் இறங்கியதும் கேட்டுக்குத் தாழ்ப்பாள். ஒரு வருஷம் லாட்ஜில் மோட்டார் புகைந்துபோய், மூன்று மாடிக்கும் தண்ணீர் இல்லை என்று முதலாளி போனில் கத்தினார். நான் கிளம்பினேன். மூப்பர் தாழ்ப்பாள்மேல் கை வைத்து நின்றார்.

"ஐயா, கக்கூசுக்குத் தண்ணி இல்லியாம்."

"விடியட்டும்."

விடிந்ததும் போனேன். அன்றைக்கு யாத்ரீகர்கள் என்னைப் பார்த்த பார்வையை எந்தப் பார்வோனும் பார்த்திருக்க மாட்டான்.

பஸ்காவை அடுத்து ஏழு நாள் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. ரொட்டி சரி, பன் சரி. இட்லி மாவு? இந்தக் கேள்வி எருசலேமில் எழுந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் சபையில் எழுந்தது. அரிசியும் உளுந்தும்தானே, மோசே கோதுமை மாவைத்தானே நினைத்திருப்பார் என்று பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. மூப்பரே கொஞ்சம் இளகியிருந்தார், அவர் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் உண்டு. எல்லாரும் பத்திரக்காரரைப் பார்த்தோம். இட்லி கூடாதுனு எங்க எழுதியிருக்குனு கேளுங்கண்ணா, கேளுங்கண்ணா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிப் பக்கத்தைப் புரட்டினார். "புளிச்சது எதுவும்னு இருக்குதுங்களே. அரிசி மாவுக்கு விலக்குனு எங்க எழுதியிருக்கு?"

ஏழு நாள் உப்புமா. மூன்றாம் நாள் தட்டை வைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "ஒங்க அண்ணன் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்." நல்லது நடந்தால் அவர் சபை மூத்தவர், உப்புமா என்றால் என் அண்ணன்.

அந்தக் கேள்விக்கு ஆள் பார்க்கத் தெரியாது. சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு அக்கா எழுந்து, படுக்கையாகிவிட்ட தன் வீட்டுக்காரர் கூடாரப் பண்டிகைக்குள் நடந்து வருவார் என்று கர்த்தர் கனவில் சொன்னதாக அழுதுகொண்டே சொன்னார். எல்லாரும் ஆமென் என்றோம். பின்வரிசையிலிருந்து, "அப்படி எங்க எழுதியிருக்குமா?" என்றார் இவர். சத்தமாகக்கூட இல்லை, சந்தேகம் கேட்கிற குரல். அந்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கே அன்று கை துறுதுறுத்தது. என் மனைவி பத்திரக்காரருக்கு டீ ஊற்றாமல் அடுத்த ஆளுக்குப் போனாள்.

மறுநாள் ஏதோ வேலையாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்த வீட்டுக்காரரின் கட்டில் பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சோப்பு நுரை, ஒரு கையில் ரேசர். நோயாளியின் தாடையைத் திருப்பித் திருப்பி மழித்துக்கொண்டிருந்தார். என்னால் சும்மா இருக்க முடியுமா?

"அண்ணா, சவரம் எங்க எழுதியிருக்கு?"

அவர் ரேசரை நிறுத்தி உண்மையாகவே யோசித்தார். "அடுத்தவன ஒன்னப்போல நேசினு இருக்குது. தாடி ஓரத்த கெடுக்காதேனும் இருக்குது, அத தொடல. சவரம்னு தனியா இல்ல தம்பி."

அந்த வீட்டுக்காரர் நடந்து வரவில்லை. அக்கா அதன்பிறகு இவரோடு பேசவும் இல்லை.

பிறகுதான் பெரிய தகராறு வந்தது. சபைப் பையன்கள் சிலர் யூடியூபில் யாரோ பேசுவதைக் கேட்க ஆரம்பித்தார்கள். மேசியா அபிஷேகம் பெற்ற மனிதர்தான், தேவன் அல்ல, தேவன் ஒருவரே, பவுலின் நிருபங்களைத் தூக்கிப் போட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று அந்த ஆள் சொன்னாராம். பையன்கள் நேராகப் பத்திரக்காரரிடம் போனார்கள், இவர் நம்ம ஆளாகத்தான் இருப்பார் என்று. "பவுல தள்ளணும்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். மறு வாரம் மூப்பர், மேசியாவே தேவன் என்று பிரசங்கம் செய்தார். முடிந்ததும் பத்திரக்காரர் அவரிடமும் போய், "ஐயா, மூலத்துல ஒருத்தர்னு இருக்குதே, இத அதோட எப்படி சேக்கறது?" என்றார். இப்படியாக இரண்டு பக்கத்துக்கும் விரோதி ஆனார்.

ஓய்வுநாள் கூட்டங்கள் மாறிவிட்டன. முன்பெல்லாம் ஜெபம் முடிந்தால் சுண்டல் வரும், வீட்டுக்கதை வரும். இப்போது ஜெபத்தை யாரைக் கூப்பிட்டுத் தொடங்குகிறார்கள் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். ஒருவர் "அப்பா பிதாவே" என்று தொடங்கினால் இந்தக் கட்சி, "யெஷுவா தேவனே" என்றால் அந்தக் கட்சி. நான் பயந்துபோய் மௌன ஜெபத்துக்கு மாறினேன். என்னை ஆழமான ஆவிக்குரியவன் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

மூப்பர் கெட்டவர் இல்லை. ஒரு நாள் லாட்ஜுக்கே வந்து ரிசப்ஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். "மேசியா வெறும் மனுஷன்னா, நாம இத்தன வருஷம் மனுஷன கும்புட்டிருக்கோம்பா. அது விக்கிரகம். அவரு தேவன்னா, இந்தப் பசங்க அவரு மூஞ்சிலயே கதவ சாத்தறாங்க. நடுவுல நிக்கற விஷயமா இது? நான் சாவறப்ப யார கூப்புடுவேன்?" என்றார். நான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். என் இறையியல் அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் மூப்பரின் இளைய மகனுக்கும் பத்திரக்காரர் மகளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. அந்தப் பெண் தாயில்லாமல் வளர்ந்தவள், தனியார் பள்ளியில் டீச்சர். எங்கள் கூட்டத்தில் பெண் கொடுக்க எடுக்க வேறு வீடே கிடையாது. ஓய்வுநாள், பண்டிகை, சாப்பாடு எல்லாம் ஒத்துப்போகிற மாப்பிள்ளைக்கு எங்கே போவது? அந்தப் பையனும் நல்லவன், அவள் வரும்போதெல்லாம் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவைப்பான். பஸ்கா முடிந்து அடுத்த மாதம் கல்யாணம்.

மூப்பர் அறிவித்தார்: வருகிற பஸ்கா அன்று பாத்திரத்தில் பானம் ஊற்றும் முன்பு ஒவ்வொரு குடும்பத் தலைவரும் எழுந்து மேசியா தேவன் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் சபையில் இல்லை. சபையில் இல்லாத வீட்டில் சம்பந்தமும் இல்லை.

நான் பத்திரக்காரரின் கொட்டகைக்குப் போனேன். "அண்ணா, ஒரே வார்த்த. சொல்லிட்டு வந்து ஒக்காருங்க. நானெல்லாம் லாட்ஜுல ரூம் இல்லனு தெனமும் சொல்றேன்."

"ரூம் இருக்கும்போதா?"

"ஆமா."

"அப்ப ஒனக்குப் பழக்கம்" என்றார். கோபமாக இல்லை.

அந்தப் பௌர்ணமியன்று மத்தியானத்திலிருந்தே பாதையில் கூட்டம். அன்னதானப் பந்தலின் ஒலிபெருக்கி நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்து வைத்திருந்தார்கள். யூடியூப் பையன்கள் வரவில்லை. சூரியன் இறங்கியதும் மூப்பர் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மேசையில் புளிக்காத சப்பாத்தி, கசப்புக் கீரைக்கு வேப்பங்கொழுந்து, காய்ச்சி வடித்த திராட்சைச் சாறு. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். என் முறை வந்தது, "ஆமாங்கய்யா, தேவன்தான்" என்றேன். சந்தேகப்படும் அளவுக்கு நான் படித்ததில்லை. கடைசியில் அவர் எழுந்தார். வேட்டி மடிப்பு கலையாமல் நின்றார்.

"மேசியா தேவனா? ஆமாவா இல்லையா, அவ்ளோதான்" என்றார் மூப்பர். "எங்க எழுதியிருக்குனு மட்டும் கேக்காதீங்க பிரதர்."

"கேக்கலீங்க. எழுதியிருக்கறதுதான் என் கஷ்டம். மூலத்துல கர்த்தர் ஒருத்தர்னு இருக்குது. அதுல அடித்தல் திருத்தல் இல்ல. பின்னாடி சீஷன் தோமா மேசியாவப் பாத்து தேவனேனு கூப்புட்டாரு, அவரு வேணாம்னு சொல்லல. அதுவும் இருக்குது. பவர் ஏஜெண்டுனு வெச்சுப் பாத்தேன். ஓனர் குடுத்த பவர்ல கையெழுத்து போடறவரு. ஆனா ஏஜெண்ட யாரும் ஓனரேனு கூப்புட மாட்டாங்க. சரி, ஓனர்தான்னு வெச்சுப் பாத்தேன். அப்ப புடிபடறதுக்கு முன்னாடி தோட்டத்துல ராத்திரி மொழங்கால் போட்டு யார்கிட்ட கேட்டாரு? ரெண்டு பத்திரமும் ஒரிஜினல் ஐயா. நடுவுல எப்படி சேருதுனு எனக்குத் தெரியல. தெரியாத சொத்துக்கு நான் பத்திரம் எழுதுனதில்ல."

"அப்ப இல்லங்கறீங்க."

"இல்லனும் எழுத மாட்டேன்."

மூப்பரின் காது சிவந்தது. "ஒங்க பொண்ணு அங்க ஒக்காந்திருக்கா. அத நெனச்சாவது ஒரு வார்த்த சொல்லுங்க பிரதர்." அந்தக் குரலில் அதிகாரம் இல்லை. அவரும் இந்தக் கல்யாணத்தை விரும்பினார்.

பத்திரக்காரர் மகளைப் பார்த்தார். வெளியே யாரோ அரோகரா என்று கத்த, கூட்டம் திருப்பிக் கத்திக்கொண்டே நகர்ந்தது.

"சொல்லிருவேன் ஐயா. சொல்லிட்டா அப்புறம் நான் சொல்ற எதையும் நீங்க நம்பக் கூடாது. எம்பொண்ண நல்லா பாத்துக்கங்கனு நான் சொல்றதையும்."

"அப்ப இங்க ஒங்களுக்கு எடமில்ல" என்றார் மூப்பர். கை கேட்டைக் காட்டியது. "எழுந்து போங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டார். மகளும் எழுந்தாள். இருவரும் முற்றத்தைக் கடந்தார்கள். அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. திரும்பினார்.

"போறேன் ஐயா. ஆனா விடியற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாதுனு இருக்குதே. தள்ளி வெச்சவங்க தாண்டலாம்னு எங்க எழுதியிருக்கு?"

மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. மூப்பர் தாழ்ப்பாளைப் பார்த்தார். லாட்ஜில் மூன்று மாடிக்குத் தண்ணீர் இல்லாதபோது திறக்காத கேட் அது. எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் என்னையும் விடியும்வரை வெளியேற்ற முடியாது என்ற தைரியம் வேறு. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

"ஒக்காருங்க" என்றார் மூப்பர், தரையைப் பார்த்து.

பத்திரக்காரர் கேட் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மூப்பரின் மனைவி மனசு கேட்காமல் தட்டில் சப்பாத்தி கொண்டுபோனார். அவர் கும்பிட்டு மறுத்தார். "வெளிய இருக்கறவன் பஸ்கா சாப்புடக் கூடாதுமா. அது எழுதியிருக்குது." மகளும் சாப்பிடவில்லை. மூப்பர் மகன் ஃபேனை மெதுவாகக் கேட் பக்கம் திருப்பிவைத்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

விடிந்ததும் தாழ்ப்பாளை மூப்பரே நீக்கினார். அந்தப் பெண் அவர்முன் நின்றாள். "எங்கப்பா பொய்யா ஆமான்னு சொல்லியிருந்தா எங்கல்யாணம் நடந்திருக்கும் இல்லீங்களா?"

"நடந்திருக்கும்மா."

"எனக்கு அப்படி வேணாங்க" என்றாள். மூப்பர் மகன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் வரும்வரை நான் கூட நின்றேன். "எங்கல்யாணம் இல்ல தம்பி, அவ கல்யாணம். என்னாலதான் நின்னுது" என்றார் பத்திரக்காரர்.

"யாரும் அப்படிச் சொல்லலண்ணா."

"சொல்லணும். அது உண்மை."

பிறகு அந்தப் பெண்ணைக் கீழ்பென்னாத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்காரர் வீட்டில் கொடுத்தார். கிறிஸ்துமஸ் கேக் சாப்பிடுகிற மாப்பிள்ளை. இவர் ஊரில் தனியாக இருந்தார். சபை வாசலுக்கு வரவில்லை. குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். எபிரெய எழுத்துகளும் அம்புக்குறிகளும் தங்கு தடையின்றி வந்தன.

அடுத்த பஸ்கா. மூப்பர் தாழ்ப்பாளில் கை வைத்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் ஒரு விரற்கடை மிச்சம். கிரிவலக் கூட்டத்திலிருந்து பிரிந்து பத்திரக்காரர் உள்ளே வந்தார், வணக்கம் சொன்னார், கேட் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூப்பர் போங்க என்று சொல்வதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. இனி விடியும்வரை அவரை அனுப்ப முடியாது. எல்லாருக்கும் புரிந்தது. மூப்பர் தாழ்ப்பாளைப் போட்டார். வழக்கத்தைவிடச் சத்தமாகப் போட்டார்.

அவர் சாப்பிடவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். மூப்பர் பிரசங்கத்தின் வேகத்தில், அந்த ராத்திரி மேசியா வெள்ளை அங்கி உடுத்திப் பந்தியிருந்தார் என்றார். கேட் பக்கமிருந்து குரல் வந்தது: "எங்க எழுதியிருக்கு?"

மூப்பர் வேதத்தின் பக்கத்தைப் பார்த்தார். "எழுதல" என்றார். தொடர்ந்தார்.

ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். மற்ற நாளெல்லாம் வெளியே, அந்த ஒரு நாள் சூரியன் இறங்குவதற்கு முன் உள்ளே. "சாப்பாடுகூட இல்ல, ஏண்ணா வர்றீங்க?" என்று கேட்டேன். "ஊட்ல தனியா ஒக்காந்து கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார்.

கடைசியாக ஒரு பஸ்காவுக்கு அவர் வரவில்லை. மகள் அவரை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். அவர் அங்கிருந்து திரும்பவில்லை. ஆனால் அன்று மாலை எங்களில் யாருக்கும் அது தெரியாது. சப்பாத்தி ஆறிக்கொண்டிருந்தது. கேட் ஓரத்தில் நாற்காலியை யார் போட்டது என்று தெரியவில்லை, போட்டிருந்தது. மூப்பர் தாழ்ப்பாளில் கை வைத்து, நடந்துபோகிற கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் இறங்கியது. வெளிச்சமும் குறைந்தது. தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது.

என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஐயா, பொழுது எறங்கிடுச்சு. தாழ்ப்பாள் போடலீங்களா?"

மூப்பர் திரும்பவில்லை.

"எறங்குன ஒடனே போடணும்னு எங்க எழுதியிருக்கு?" என்றார்.